சேர்வராயன் சந்நிதியில் என் நெஞ்சுக்குக் கிடைத்த இரண்டு விடைகள்

அன்பர்களே, இதனை நான் எழுத வேண்டியதற்குக் காரணம் உண்டு. சேர்வராயன் அருளால் என் நெஞ்ச நோய் நீங்கிவிட்டது என்றும், அதன்பின் நான் மருந்தைத் தொடுவதேயில்லை என்றும் கரடியூர்ப் பக்கத்தில் ஒரு பேச்சு வழங்குகிறது. தெய்வத்துக்கும் இதற்கும் தொடர்பே இல்லை, மருந்துதான் பிழைக்க வைத்தது என்று ஒண்டிக்கடையில் வேறொரு பேச்சு. முதற்பேச்சை நம்பிக் கிளியூரில் ஓர் அம்மையார் தாம் உண்டுவந்த மருந்தை நிறுத்த முற்பட்டார் என்று கேள்வியுற்றேன். அதன்பின்னும் வாளாவிருத்தல் தகாது. நடந்ததை நடந்தவாறே உரைக்கிறேன்.

நான் சேலத்திலிருந்து மலையேறி வந்தவன். காப்பித் தோட்டங்களை நடத்தும் வெள்ளைத் துரைமார்க்குத் தமிழ் கற்பிப்பது என் தொழில். பெரும்போர் முடிந்து சில ஆண்டுகள் சென்றபின் ஒரு தை மாதம். பழம் பறிப்பு முடியும் தறுவாய். இளந்துரை ஒருவருக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தேன். சொல் பாதியில் நின்றது. நெஞ்சு தன் போக்கில் ஓடத் தொடங்கிற்று. காப்பிப் பழத்தின் தோலுரிக்கும் எந்திரம் பழம் தீர்ந்த பின்னும் சுழன்றால் எவ்வாறு கடகடக்குமோ, அவ்வாறு கடகடத்தது. ஓடியது, நின்றது, மீண்டும் ஓடியது. அதில் ஒழுங்கு என்பதே இல்லை. தளை தட்டாமல் வெண்பா இயற்றும் எனக்கு, என் உடம்புக்குள்ளேயே சீரும் தளையும் சிதறியது பேரச்சம் தந்தது.

அன்று தொடங்கிய ஓட்டம் அடங்கவில்லை. பங்களாவிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஏறும் சிறு மேட்டில் மும்முறை அமர்ந்தேன். என் மனைவி மரகதம் என்னைத் தோட்டத்து மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றாள். அங்கிருந்த மருத்துவர் எங்கள் சேலத்தவர். ஒரு கையால் என் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டே நெஞ்சில் குழல் வைத்து நெடுநேரம் கேட்டார்.

"இருதயம் அடிக்கிறதெல்லாம் கைக்கு வந்து சேரலீங்க பண்டிதரே," என்றார். "மேலறை சும்மா நடுங்கிட்டே இருக்குது. கீழறை பாவம், எந்தச் சொல்லக் கேக்கறதுன்னு தெரியாம தாறுமாறா ஓடுது."

"நிற்குமா?" என்றேன்.

"நிக்கறதுன்னு சொல்லாதீங்க, அடங்கறதுன்னு சொல்லுங்க. சொட்டு மருந்து ஒண்ணு தர்றேன். ஓட்டத்தக் கொறைக்கும். ஒழுங்குக்குக் கொண்டாராது. சின்கோனாப் பட்டையில இருந்து புதுசா ஒரு மருந்து வந்திருக்குது. அது தாளத்தையே சரி பண்ணுதுன்னு சொல்றாங்க. ஆனா சில பேரு உசுரையே கொண்டுபோயிருக்குது. அதுக்கு நீங்க மெட்ராசுப் பெரிய ஆசுபத்திரியில படுத்துக் கெடக்கணும். மொதல்ல சொட்டு மருந்தப் பாப்போம். அப்புறம் மூக்குப்பொடி, காப்பி ரண்டையும் உட்ருங்க."

"பொடியை விட்டுவிடுகிறேன். இந்த மலையில் இருந்துகொண்டு காப்பியை எப்படி விடுவது?"

"இங்க வெளையறது கப்பலேறிப் போறதுக்குத்தானுங்க. நமக்கென்ன," என்று சிரித்தார்.

சொட்டு மருந்து வேலை செய்தது. மாசி பிறந்தபோது மேட்டை ஒரே மூச்சில் ஏறினேன். துடிப்பு முன்போலவே ஒழுங்கற்றிருந்தது. ஆயினும் வேகம் தணிந்தது. பங்குனியும் சித்திரையும் நலமாகவே கழிந்தன.

வைகாசியில் சேர்வராயன் திருவிழா. அதற்கு முன்பாக நோன்பிருப்போர் மணிக்கட்டில் மஞ்சட் கயிற்றுக் காப்புக் கட்டிக்கொள்வது எங்கள் வழக்கம். கட்டியபின் ஊனும் மதுவும் நாவில் படலாகாது. தோட்டக் கூலியாட்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் நாள்தோறும் குடிப்பவர்கூட அந்நாட்களில் கலயத்தைக் கவிழ்த்து வைத்துவிடுவார். நானும் காப்புக் கட்டினேன். மறுநாள் மருந்து வாங்கச் சென்றபோது கம்பவுண்டர் விளையாட்டாக ஒரு சொல் சொன்னார்.

"காலிப் புட்டியக் கழுவி வைங்க வாத்தியாருங்களே. இல்லீனா சாராய வாடைக்கு நம்ம ஆளுங்க தூக்கிட்டுப் போயிருவாங்க."

நான் திகைத்தேன். வினவியபோது, அம்மருந்து மதுசாரத்தில் ஊறவைத்து வடித்தது என்றார். சிவதீக்கை பெற்றவன் நான். கையிலோ காப்பு. மருந்தை வாங்காமலே வீடு திரும்பினேன். நோன்பு முடியும்வரை இறைவன் காப்பான் என்று உறுதியாக நம்பினேன்.

சில நாட்களில் நெஞ்சு மீண்டும் ஓடத் தொடங்கிற்று. கால்கள் வீங்கின. படுத்தால் மூச்சு முட்டியது; சுவரில் சாய்ந்தவாறே அமர்ந்திருந்தேன். மரகதம் பழைய புட்டியில் எஞ்சிய மருந்தை எடுத்து வந்தாள். நான் கையால் தடுத்தேன்.

"ஏனுங்க, லைன்ல இருக்கிறவங்க குடிய நிறுத்தினா அவங்க ஊடு நல்லாருக்குது," என்றாள். "நீங்க நிறுத்தினா நம்மூடு எழவு ஊடாயிரும். இது என்ன நோன்புங்க?"

"காப்புக் கட்டிய கை, மரகதம்."

"அப்ப எந்தச் சாமிக்குக் கட்டுனீங்களோ அந்தச் சாமியவே கேட்டுப்போடலாம். பூவாக்குக் கேக்கலாம் வாங்க."

பூவாக்கு என்பது இப்பக்கத்தார் தெய்வத்தின் இசைவை அறியும் முறை. வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் ஒன்றுபோலத் தோன்றும் இரு இலைப் பொட்டலங்களில் மடித்துச் சந்நிதியில் வைப்பர். நினைத்ததைச் சொல்லி வேண்டியபின் பூசாரி ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் இசைவு. சிவப்பு வந்தால் மறுப்பு.

என்னால் நடக்க இயலாது. நாற்காலியில் மூங்கில் கட்டி நால்வர் என்னைச் சுமந்தனர்.

"ஏனுங்க வாத்தியாருங்களே, படிச்ச படிப்பயெல்லாம் ஊட்லயே வெச்சிட்டு வந்திருக்கலாமுங்க. நொம்பக் கனமா இருக்கறீங்க," என்றார் ஒருவர். மூச்சில்லாத அந்நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

குகைக் கோயிலின் தாழ்ந்த வாயிலில் குனிந்து நுழைந்தேன். உள்ளே குளிர். விளக்கொளியில் சேர்வராயனும் காவேரியம்மையும். என் தமிழெல்லாம் என்னைக் கைவிட்டது. எத்தனையோ பதிகங்களைப் பிறர்க்குச் சொல்லிக் கொடுத்தவன், ஒரு வரியும் நினைவின்றி நின்றேன். "ஐயனே, மதுவில் ஊறிய இம்மருந்தை நான் உண்ணலாமா?" என்று மட்டும் கேட்டேன்.

பூசாரி ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். சிவப்பு.

எல்லாம் முடிந்தது என்று தரையில் அமர்ந்தேன். மரகதம் அமரவில்லை.

"ஏனுங்க பூசாரி, மறுக்காக் கட்டி வைங்க. நாங் கேக்கோணும்."

"ஒருக்காக் கேட்டதுக்கு மறுக்காக் கேக்கப்படாதுங்க அம்மிணி."

"அவரு கேட்டது மருந்தப் பத்தி. நாங் கேக்கறது வேற."

பூசாரி சற்றே எண்ணிப் பார்த்தார். "வேறன்னாச் செரி," என்று மீண்டும் மடித்து வைத்தார். மரகதம் இரு கைகளையும் தலைமேல் குவித்து, குகை முழுதும் கேட்கும்படி வேண்டினாள்: "இந்த மனுசன் என்ர கூட இன்னுங் கொஞ்ச காலம் இருக்கோணும். உனக்குச் சம்மதமா சாமி?"

வெள்ளைப் பூ வந்தது.

மது ஆகாது, ஆயினும் உயிர் வாழ்வேன். இவ்விரண்டும் எவ்வாறு ஒருங்கே பொருந்தும் என்று எனக்கு விளங்கவில்லை. மரகதத்துக்கு ஐயமே எழவில்லை. "ரண்டுஞ் சொன்னது ஒரே சாமி. ரண்டும் நடக்கறதுக்கு வழி இருக்கும். டாக்டரக் கேப்போம்," என்றாள். நாற்காலியைக் கோயிலிலிருந்து நேரே மருத்துவமனைக்குத் திருப்பச் செய்தாள்.

மருத்துவர் என் கால்களை அழுத்திப் பார்த்தார், முகம் சிவந்தார். மரகதம் இரு பூக்களின் செய்தியையும் மறைக்காமல் உரைத்தாள். 

"சாராயம் மருந்த ஊத்தி வெக்கற வெறும் ஏனந்தானுங்க பண்டிதரே," என்றார். "மருந்து இலையில இருக்குது. அந்த இலையக் காயவெச்சுப் பொடிச்சதும் எங்கிட்ட இருக்குது. தேன்ல உருட்டி மாத்திரையாத் தர்றேன். ஒரு பொட்டுச் சாராயம் இல்ல. இத எங்கிட்ட வந்து மொதல்லயே கேக்கறதுக்கு என்னங்க?"



அவர் பொடியைச் சிறு தராசில் நிறுத்தார். "ரண்டு பூவுல ஏதோ ஒண்ணு வரத்தான் செய்யும்," என்று நகைத்துக்கொண்டேதான் நிறுத்தார். நகைக்கட்டும். என் வினாவுக்கு வந்ததும் மெய். அவள் வினாவுக்கு வந்ததும் மெய். இரண்டையும் மெய்யாக்கும் பொருளை அவர் அலமாரியில் முன்னரே வைத்திருந்தவன் எவன் என்பதில் எனக்கு ஐயமில்லை.

சில நாட்களில் வீக்கம் வடிந்தது. மூச்சு சீரடைந்தது. திருவிழா அன்று காப்புக் கையுடன் மலைச்சரிவின் கீழே அமர்ந்து வணங்கினேன். உச்சிக்கு ஏற மருத்துவர் இசையவில்லை, நானும் வற்புறுத்தவில்லை.

ஆண்டுகள் பல கடந்தன. என் நெஞ்சின் தாளம் இன்றுவரை திரும்பவில்லை. வேகம் அடங்கியிருக்கிறது, அவ்வளவே. சென்னையில் தரும் அந்தச் சின்கோனா மருந்தைப் பற்றி மருத்துவர் இருமுறை பேசினார். நன்மையையும் இடரையும் ஒளியாமல் கூறினார். இப்போதுள்ளதே போதுமென இருவரும் முடிவு செய்தோம். நாள்தோறும் காலையில் திருநீறணிந்தபின் மாத்திரையை உண்கிறேன். பசியின்றிக் குமட்டினாலோ காண்பன மஞ்சளாகத் தோன்றினாலோ உடனே நிறுத்திவிட்டு ஓடி வர வேண்டும் என்பது அவர் ஆணை. அளவு மிகின் அதே இலை நஞ்சு. ஆதலின் இலை என்று கேட்டு எவரும் காட்டிலுள்ள எதையும் பறித்து மெல்லாதிருக்க வேண்டுகிறேன்.

முன்பெல்லாம் இறைவனிடம் இது கூடுமா, அது தகுமா என்றே கேட்டுவந்தேன். இப்போது மரகதம் கேட்டதுபோல் கேட்கிறேன். நெஞ்சு தடுமாறும் அன்பர்களே, நீங்களும் கேளுங்கள். உங்களுக்கு வேண்டியது உயிரென்றால் உயிரையே கேளுங்கள். கேட்டபின் மருத்துவர் வாயிலுக்கும் செல்லுங்கள். விடை அங்கேயும் காத்திருக்கலாம்.

நான் மருத்துவம் கற்றவனல்லேன். நோயைப் பற்றி எழுதியவற்றில் பிழை இருப்பின் அறிந்தோர் திருத்துக. கோயில் வழக்கத்தைக் கூறியதில் குறை இருப்பின் மலையார் திருத்துக. சொற்பிழை இருப்பின் எவரும் திருத்துக; நன்றியுடன் ஏற்பேன். நான் உயிரோடிருக்கிறேன் என்னும் ஒன்றில் மட்டும் திருத்தம் வேண்டா.