ஏழாவது படம்

தன் படத்தைப் பார்க்காதவர்போல அதன் முன்னால் நின்று தலை சீவிக்கொண்டிருந்தார் வக்கீல். படத்துக்குக் கண்ணாடி போட்டிருப்பதால் இந்த உபயோகமாவது உண்டு. நீதிமன்றத்தின் இலவச சட்ட உதவி அறையில் பத்து வக்கீல்கள் சுவரில் வரிசையாகச் சிரிக்கிறார்கள். ஏழாமவரான இவர் மட்டும் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார். படம் எடுத்தவர் "ரெடி" என்றதும் பாவம், மரியாதையாகக் குனிந்திருக்கிறார்.

குனிவது அவர் சுபாவம். போனில் பேசுவதென்றாலும் எழுந்து நின்று, சுவரைப் பார்த்துக் குனிந்துதான் பேசுவார். வாதாடினால் குரல் மேசையைத் தாண்டாது. அதனால் 'கிசுகிசு வக்கீல்' என்று பெயர்.

முன்பெல்லாம் வசதியில்லாத கைதிக்கு அரசே ஒரு வக்கீலைப் பிடித்துக் கொடுத்துவிடும். ஏழைக்கும் தேர்ந்தெடுக்கும் உரிமை வேண்டும் என்று சீர்திருத்தக் குழு முடிவு செய்தது. அதில் நான் பொதுமக்களின் பிரதிநிதி. பொதுமக்களுக்கு இது தெரியாது. சுவரில் படம் மாட்டும் யோசனை அடியேனுடையது. மூன்று மாதம் யாருமே கேட்காத வக்கீலை நீக்கிவிடலாம் என்றதும் நானே. மேசையைத் தட்டிப் பாராட்டினார்கள்.

விளைவு, முறுக்கு மீசை வைத்த மூன்றாம் படத்துக்குக் கூட்டம் தாங்கவில்லை. தன் கட்சிக்காரர் யார், காவலர் யார் என்று அவருக்கே குழப்பம். கிசுகிசுவை ஒருவரும் கேட்கவில்லை. இந்த வெள்ளியோடு மூன்று மாதம் முடிகிறது.

"விடுங்க சார். எனக்குக் கல்யாணம் நடந்ததே போட்டோ காட்டாததாலதான்," என்றார். "காட்டியிருந்தா என் வீட்டுக்காரியும் மூணாம் நம்பரைத்தான் கேட்டிருப்பா."

"வேற வேலை பார்க்கலாமே?"

"சத்தமா பேச வந்தா வாத்தியாராப் போயிருப்பேனே."

அவரிடம் ஒரு விசித்திரப் பழக்கம். கைதி வந்ததும் குற்றப்பத்திரிகையைத் தொடமாட்டார். முதலில் அந்த ஆளின் வீட்டுக்குப் போன் போடுவார். "கேஸ் எங்கயும் ஓடிடாது சார். வீட்ல தேடிக்கிட்டிருப்பாங்க." இதற்கு எங்கள் குழுவின் மதிப்பெண் அட்டவணையில் இடமில்லை. அட்டவணை போட்டது யாரென்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை, கடையைக் கட்டும் நேரம். சைக்கிள் திருடியதாகச் சொல்லப்படுகிற ஒருவரைக் காவலர் கூட்டிவந்தார்.

"மூணாம் நம்பர் போட்டுடவா?" என்றார் குமாஸ்தா, பேனாவைத் திறந்தபடி.

அந்த மனிதர் அவசரப்படவில்லை. பெண் பார்க்க வந்தவர்போலச் சுவரை நிதானமாகப் பார்த்தார்.

"அந்தக் கண்ணு மூடினவரு."

"யோவ், போன தடவை உன் கேஸைத் தோத்தவரே அவருதான்யா."

"ஆமா. தோத்துட்டு, ஏன் தோத்தோம்னு சொல்றதுக்கு ஜெயிலுக்கே வந்தாரு. என்ன சொன்னாருன்னு காதுல விழல. ஆனா வந்தாருல்ல? என் மச்சான் எட்டிக்கூடப் பார்க்கல."

பொதுமக்களின் சார்பில் ஏதாவது சொல்ல வேண்டுமே என்று தொண்டையைக் கனைத்தேன். யாரும் திரும்பவில்லை. வக்கீல் சீப்பைப் பைக்குள் போட்டுவிட்டுப் போனை எடுத்தார்.

"அம்மா நம்பர் சொல்றேன் சார், எழுதிக்குங்க..." என்று ஆரம்பித்தார் அந்த மனிதர்.

வக்கீல் அதற்குள் சுவர்ப்பக்கம் திரும்பிக் குனிந்திருந்தார்.

"அம்மா, வக்கீல் பேசறேன்... ஆமாம்மா. மறுபடியும் நான்தான்."