எங்கள் அத்தையும் உறவினர் பட்டியலும்

அத்தை மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களுக்காக எழுத உட்கார்ந்தால் இன்னமும் கை ஓடவில்லை. காலையில் காபி குடித்தவர் பத்து மணிக்கு இல்லை. இதை எப்படி நம்புவது?

எம்.ரெட்டியபட்டியில் பிறந்து பாலவனத்தத்தில் வாழ்க்கைப்பட்டவர். மாமா சீக்கிரமே போய்விட, தினமும் பஸ் ஏறி அருப்புக்கோட்டைத் தறிக்கூடத்தில் நூல் சுற்றி, ஒரே மகனை வளர்த்தார். என் தாய் தந்தை ஒரே விபத்தில் இறந்தபோது எனக்கு ஒன்பது வயது. துக்க வீட்டிலிருந்து என் கையைப் பிடித்து அழைத்து வந்தவர் அத்தைதான்.

பள்ளிக்கூடம் தகவல் சொல்ல, குழந்தைகள் நலக் குழு எங்களை வரச் சொன்னது. என்னைத் தத்தெடுக்க வேண்டும் என்றார் அத்தை. உறவுக்குள் தத்து என்றால் தாய் தந்தையின் உடன்பிறந்தவர்களும் தாத்தா பாட்டிகளும் மட்டுமே உறவினர் என்று அங்கிருந்த அம்மையார் விளக்கினார். அத்தையோ என் அப்பாவின் சித்தப்பா மகள். திகைத்துப் போனோம். நம் வீடுகளில் இதையெல்லாம் யார் பிரித்துப் பார்க்கிறார்கள்?

காரியம் கெட்டுப்போகிறது என்று பதறிய பெரிய மாமா, அதாவது மாமாவின் அண்ணன், உதவி செய்வதாக நினைத்து எழுந்தார். "சொந்த அத்தைதான் சார். நாளைக்கு இவ மகனுக்கே கட்டி வச்சிருவோம். பிள்ளை எங்க வீட்ட விட்டு எங்கிட்டும் போகாது."

அவ்வளவுதான். ஒன்பது வயதுப் பெண்ணுக்கு மாப்பிள்ளை தயாராக இருக்கும் வீடு என்று குழுவினர் பயந்ததில் தவறே இல்லை. அன்றே என்னை ஒரு குழந்தைகள் இல்லத்துக்கு அனுப்பினார்கள். நான் வேனில் ஏறும்போது அத்தை கத்திய கத்தல் இன்னும் காதில் நிற்கிறது. பெரிய மாமா, தப்பாக என்ன பேசினோம் என்றே தெரியாமல் நின்றார்.

அடுத்த விசாரணைக்கு அத்தை மகனோடு வந்தார். "எழுதிக்கங்கம்மா. இன்னைக்கிருந்து இவ எனக்கு மக. எம்மகனுக்குத் தங்கச்சி. கட்டிக் குடுக்குற பேச்ச எவனாச்சும் எடுத்தா வாசப்படி மிதிக்க விடமாட்டேன்." என் பக்கம் திரும்பினார். "அண்ணேன்னு கூப்புடு தாயி."

கூப்பிட்டேன். வீட்டை வந்து பார்த்து, அக்கம்பக்கம் விசாரித்து, பல மாதம் கழித்து வளர்ப்புப் பராமரிப்பில் என்னை ஒப்படைத்தார்கள். தத்து இல்லை, பதினெட்டு வயது வரைதான். பதினெட்டு முடிந்த அன்று துணிமணியை எடுத்து வைக்கவா என்று பயந்துகொண்டே கேட்டேன். "கிறுக்கச்சி, சோறு ஆறுது, வந்து தின்னு" என்றார் அத்தை.

போன ஆண்டு, நெஞ்சு வலிக்கிறது என்றவர் ஆஸ்பத்திரி சேரும் முன்பே போய்விட்டார். எடுக்கும் நேரத்தில் பிறந்த வீட்டுக் கோடிச் சேலை போர்த்த ஆள் கூப்பிட்டார்கள். அத்தையின் பிறந்த வீட்டில் மிச்சம் நான் ஒருத்திதான். யாரோ சேலையை என் கையில் திணித்தார்கள். பெரிய மாமா அதைப் பிடுங்கிக்கொண்டார்.

"இவ இந்த வீட்டு மக. மகளப் போயி பொறந்த வீட்டுக் கோடி போடச் சொல்றீகளே! வேற ஆளப் பாருங்க."

வேறு ஆளுக்கு எங்கே போவது? பிறந்த வீட்டுச் சேலை இல்லாமலா அத்தையை அனுப்புவது? அப்போது எம்.ரெட்டியபட்டியிலிருந்து துக்கம் கேட்க வந்திருந்த கடைக்கார அண்ணாச்சி ஒருவர் முன்னே வந்தார். "எங்க ஊருப் பிள்ளைதான, நான் போடுறேன்" என்று வாங்கிப் போர்த்தினார்.

ஆஸ்பத்திரிக்கு உடன் ஓடிய தறிக்கூடத் தோழியருக்கும், என்னை அத்தையிடம் திருப்பித் தந்த குழுவினருக்கும், பெரிய மாமாவுக்கும் எங்கள் நன்றி. அந்த அண்ணாச்சிக்குத் தனியாக நன்றி. அவர் அத்தைக்கு என்ன முறை என்று அன்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை.