நிலாவை இறக்கியவள்

மிர்த்தோ எங்கள் கொரிந்து நகரக் குயவர் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, புருஷனைப் பறிகொடுத்து, தலை நரைக்கும்வரை வாழ்ந்தும்விட்டாள். ஆனாலும் அவளுக்குத் தெருவில் பெயர் தெசாலிக்காரிதான். அவள் பிறந்த தெசாலி நாட்டுப் பெண்கள் மந்திரம் போட்டு நிலாவைத் தரைக்கு இழுப்பார்களாம். யார் வீட்டில் பால் திரிந்தாலும் எல்லோரும் அவள் வாசலைத்தான் பார்ப்போம். மகள் லிசில்லாவுக்கு வந்த வரன்களும் இந்தப் பேச்சால்தான் தட்டிப்போயின. கடைசியில் எப்படியோ ஓர் இடம் அமைந்தது. பௌர்ணமியன்று கல்யாணம்.

பொழுது சாய்ந்ததும் மணமகளை ஏற்றிப்போக வண்டி வந்து நின்றது. மிர்த்தோ முற்றத்தில் நிலாத் தேவி செலீனிக்கு வட்ட அப்பம் படைத்து, தேன் கலந்த தண்ணீர் வார்த்தாள். செலீனிக்கு மது ஆகாது. வெள்ளைக் குதிரைகள் இழுக்க, தேவி மலைக்கு மேலே ஏறினாள். கொஞ்ச நேரத்தில் நிலாவின் ஓரம் கறுத்தது. பிறகு முழுவதும் செம்பாய்ச் சிவந்தது.

மந்திரம் தேவியின் காதில் விழாதிருக்க, தெருவே வெண்கலப் பாத்திரங்களைத் தட்டியது. மிர்த்தோவும் அண்டாவைத் தூக்கி வந்து, எல்லோரையும்விட ஓங்கித் தட்டினாள்.

"நடிப்பப் பாரு! இழுத்தவளே தட்டுறா," என்றாள் மாப்பிள்ளையின் தாய் தியானோ. "இந்த வீட்டுப் பொண்ணு வேணாம். வண்டியத் திருப்புங்கடா!"

"எம்பொண்ணு கல்யாணத்தன்னிக்கு நானே இழுப்பேனா சம்பந்தி? எனக்கென்ன பைத்தியமா?"

"உங்க ஊர்க்காரிங்களுக்கு அதானே பொழப்பு!"

"எனக்கு ரொட்டியே ஒழுங்கா உப்பி வராது. நிலாவா எறங்கி வரப்போகுது?"

யாரும் சிரிக்கவில்லை. முக்காட்டுக்குள் லிசில்லா விசும்பினாள். மிர்த்தோ சத்தியம் செய்தாள். தியானோவின் முழங்காலைக் கட்டிக்கொண்டு கெஞ்சினாள். வண்டிக்காரன் கோவேறு கழுதையைத் திருப்பினான்.

மிர்த்தோ எழுந்தாள். அண்டாவை எட்டி உதைத்தாள்.

"ஆமா, நான்தான் இழுத்தேன். போதுமா? எம்பொண்ண ஏத்துனா திருப்பி அனுப்புறேன். இல்லன்னா நிலா இப்படியே கெடக்கட்டும்!"

தட்டல் சத்தம் நின்றது. தியானோ வானத்தைப் பார்த்தாள், மிர்த்தோவைப் பார்த்தாள். "ஏத்துங்கடா," என்றாள் ஈனக் குரலில்.

தாய் தீப்பந்தம் ஏந்தி வண்டியின் பின்னே நடப்பது வழக்கம். மிர்த்தோ நடந்தாள். அவள் பக்கத்தில் ஒருவரும் வரவில்லை. மாப்பிள்ளை வீட்டை எட்டும்போது நிலாவின் ஓரத்தில் வெள்ளைக் கீற்று தெரிந்தது.

"அனுப்பிட்டா தாயி!" என்று கூட்டம் கத்தியது.

மறுநாள் காலை அவள் வாசலில் பெண்கள் கூடிவிட்டார்கள். முதலில் நின்றவளுக்கு, ஓடிப்போன புருஷன் திரும்பி வர வேண்டும்.

"எனக்கு ஒண்ணும் தெரியா..." என்று ஆரம்பித்த மிர்த்தோ பாதியில் நிறுத்தினாள். மகள் இப்போது, மந்திரத்துக்குப் பயந்த தியானோவின் வீட்டில் இருக்கிறாள்.

"உள்ள வந்து தொலை," என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு.