அயனம்பாக்கம் கரையில் நின்றவன்

ஒருவர் கண்ணில் மட்டும் பட்டிருந்தால் வெயில் மயக்கம் என்று தள்ளிவிடலாம். இரண்டு பேர் பார்த்தார்கள். அதுவும் பட்டப்பகலில். அதனால்தான் இது நடந்தது என்று அடித்துச் சொல்ல முடிகிறது.

1934, ஐப்பசி மாசம். உலகநாதன் அம்பத்தூரில் ஒரு அரிசி மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தான். பூந்தமல்லி ஜானகிராமன் அவனுக்குத் தன் மகளைக் கொடுப்பதாக இருந்தார். ஒரே சாதிதான். ஆனால் ஜானகிராமன் வீட்டில் காணி உண்டு. கூலிக்குப் போன குடும்பத்தில் அவர்கள் பெண் கொடுத்ததில்லை. அது தெரிந்து, "எங்க தாத்தாவுக்கு அயனம்பாக்கத்துல நிலம் இருந்துச்சு" என்று உலகநாதன் சொல்லிவைத்தான்.

ஜானகிராமன் அதைப் பிடித்துக்கொண்டார்.

"அப்படியா மாப்பிள்ளே? அந்த ஊர் கணக்குப்பிள்ளை வீரராகவன் நமக்கு வேண்டியவர்தான். பழைய கணக்குல உங்க தாத்தா பேரு எங்க வருதுன்னு ஒரு நடை பார்த்துட்டு வந்துடலாம்."

மறுத்தால் சந்தேகம் வரும். தாத்தா வேம்புலி அடுத்தவர் வயலில் வேலை செய்தவர். உலகநாதனின் அப்பா நாகப்பன் கைக்குழந்தையாக இருந்தபோதே தாத்தா செத்துப்போனார். எப்படிச் செத்தார் என்று அப்பா சொன்னதில்லை. உலகநாதன் கேட்டதும் இல்லை. அந்தக் காலத்துக் கணக்கையெல்லாம் கறையான் தின்றிருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டு கிளம்பினான்.

வானகரம் தாண்டும்வரை ஜட்கா. அப்புறம் நடை. அயனம்பாக்கம் ஏரி நிரம்பித் தளும்பியது. கரை மேலே வெயில் சுள்ளென்று அடித்தது. ஒரு கொக்கு இல்லை. ஒரு தவளைச் சத்தம் இல்லை. காற்றுகூட...

தொப்.

ஈர மண்ணைக் கூடையிலிருந்து கொட்டுகிற சத்தம்.

"கரைக்கு மண்ணு போடுறாங்க போல" என்றார் ஜானகிராமன்.

வளைவில் திரும்பினார்கள். ஒரே ஒருத்தன் நின்றிருந்தான். சின்ன வயசு. இடுப்பில் கோவணம், தலையில் சும்மாடு. காலடியில் ஒரு கூடை மண். அவன் உடம்பெல்லாம் தண்ணீர் வழிந்தது. ஆனால் அவன் நின்ற மண் காய்ந்தே இருந்தது.

"அண்ணாத்தே, கூடைய ஒரு கை தூக்கி வுடு."

உலகநாதன் அவன் முகத்தைப் பார்த்தான். அதே அகன்ற மூக்கு. அதே மடிந்த காது. தினமும் சவரம் செய்யும்போது கண்ணாடியில் பார்க்கிற முகம்.

"இன்னா அப்பிடிப் பாக்குற? நம்ம ஊட்டு ஆளு மாதிரி கீறயே..."

ஜானகிராமன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன மாப்பிள்ளே, உங்க சொந்தக்காரனா? அச்சு அசலா உங்களை மாதிரியே இருக்கான்!"

"சேச்சே! யாரோ கூலிக்காரன். இவனுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?"

அவ்வளவு உரக்கச் சொல்லியிருக்க வேண்டாம். உலகநாதன் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நடந்தான். கூடையைத் தொடவில்லை.

பின்னாலிருந்து குரல் வந்தது. கோபமே இல்லாத குரல்.

"ஊருக்குத்தான போற? பாத்துட்டு வந்து சொல்லுப்பா. எம் புள்ள நாகப்பன்... நடக்க ஆரம்பிச்சிட்டானா?"

உலகநாதனின் கால் ஒரு கணம் நின்றது.

"உங்க அப்பா பேரும் நாகப்பன்தானே?" என்றார் ஜானகிராமன்.

"ஊருக்குப் பத்து நாகப்பன் இருப்பான். வாங்க."

தொப்.

தூக்கிவிட ஆள் இல்லையே... யார் தூக்கியது?

ஜானகிராமன்தான் திரும்பிப் பார்த்தார். கரை காலி. ஆள் இல்லை. கூடை இல்லை. மறைந்துகொள்ள ஒரு மரம்கூட இல்லை. அவர் எட்டி நடை போட்டார்.

கணக்குப்பிள்ளை வீரராகவன் பழைய கட்டுகளை எடுத்துத் தட்டினார். தூள்தான் கொட்டியது. "பஞ்ச காலத்துக் கணக்கு ஒண்ணும் மிச்சமில்லீங்க. யாரைத் தேடுறீங்க?"

"வேம்புலின்னு ஒருத்தர்" என்றார் ஜானகிராமன்.

"அவனுக்குக் கணக்கு எதுக்கு? ஊருக்கே தெரியுமே. அம்பது அறுபது வருஷத்துக்கு முந்தி, தாது வருஷப் பஞ்சம் முடிஞ்சு அடிச்ச மழையில கரை உடைஞ்சுது. கூடையோட உடைப்புல இறங்கி நின்னான். மேலேருந்து மண்ணைக் கொட்டினாங்க. இடுப்பு வரைக்கும் மூடுச்சு. தூக்குங்கன்னு கத்தினானாம். கை குடுத்தா கரை போயிடும்னு... கொட்டிக்கினே இருந்தாங்க. அப்பிடியே மூடிட்டாங்க. எங்கப்பா சொல்லி அழுவார். ஊட்டுல தவழுற புள்ள ஒண்ணு இருந்துச்சாம்."

அவர் உலகநாதனைப் பார்த்தார். "உங்களுக்கு அவரு என்ன ஆவணும்?"

உலகநாதனுக்குத் தலை நிமிரவில்லை. காது மடல் சுட்டது. செத்தவனைக் கூலிக்காரன் என்று சொன்ன வாய். அதே வாயால்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"தாத்தா. நிலமெல்லாம் ஒண்ணும் இல்லை. பொய் சொன்னேன்."

ஜானகிராமன் எழுந்தார். கரை வழியாகப் போகமாட்டேன் என்று சொல்லிச் சுற்றுவழியில் போய்விட்டார்.

உலகநாதன் தனியாகக் கரைக்கு ஓடினான். வளைவில் நின்று கத்தினான்.

"நடந்தாரு! எங்கப்பா நல்லா நடந்தாரு! தலை நரைச்சுதான் செத்தாரு!"

இன்னும் ஓரத்துக்குப் போய்க் குனிந்தான்.

"கூடைய எடுத்துக்கினு வா. தூக்கி வுடுறேன்..."

தண்ணீர் கரையில் மோதியது. அவ்வளவுதான். பொழுது சாயும்வரை இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றான். யாரும் வரவில்லை.

கல்யாணம் நின்றுபோனது. ஜானகிராமன் நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "உன்னைப் பார்த்தா அவன் முகம்தான் தெரியுதுப்பா. ஒரு கை குடுத்திருக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த கோடையில் அந்த வளைவில் மதகு கட்டக் கரையை வெட்டினார்கள். எலும்பையாவது எடுத்துக் காரியம் செய்யலாம் என்று உலகநாதன் போய் நின்றான்.

ஆள் உயரத்துக்கும் கீழே கடப்பாரை வெற்றிடத்தில் இறங்கியது. சுற்றிலும் கல்லாக இறுகிய களிமண். எலி நுழைய வழியில்லை. நடுவில், ஒரு மனுஷன் கையை மேலே தூக்கி நின்ற அளவுக்கு அச்சாக ஒரு பொந்து. விரல் பதிந்த தடம்கூட அப்படியே இருந்தது.

உள்ளே எலும்பு இல்லை. ஒரு பல்கூட இல்லை.