மகள் கல்யாணத்து வெள்ளிக்காசு

சாத்தூர் கடைவீதி. உருக்கப் போகும் பழைய வெள்ளி கிடக்கும் டப்பாவை நகைக்கடைக்காரர் என் முன்னால் கவிழ்க்கிறார். அறுந்த கொலுசுகளுக்கும் தேய்ந்த மெட்டிகளுக்கும் நடுவே என் சேகரிப்புக்கு ராஜா தலை போட்ட பழைய காசு தேடுகிறேன். கையில் சிக்குவது ஒரு கல்யாண நினைவுக்காசு. ஒரு பக்கம் குத்துவிளக்கு, மறுபக்கம் மணமக்கள் பெயர். கிடைத்ததை விட மனசில்லை. விலை கேட்கிறேன்.

தங்கையோடு கொலுசு வாங்க வந்த ஓர் அம்மாள் எட்டிப் பார்க்கிறார்.

“இங்கன குடுங்க தம்பி. இது எம்மக கல்யாணத்துக்கு நாங்க அடிச்ச காசுல்ல! நெருங்கின சொந்தத்துக்கு மட்டுந்தான குடுத்தோம். யாரு அண்ணாச்சி இத வித்தது?”

“அதெல்லாம் சொல்லக் கூடாதும்மா” என்று கடைக்காரர் சுத்தமான தராசைத் துடைக்கிறார்.

“சொல்ல வேண்டாம். இதச் சங்கிலியில கோத்துப் போட்டுக்கிட்டு எல்லா விசேஷத்துக்கும் போறேன். பாத்ததும் எவ மூஞ்சி கறுக்குதோ, அவதான்.”

அந்தக் காசு இனி எனக்கு இல்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையாட்டுகிறேன்.

“நீ என்னடி சொல்லுதே?” என்று அம்மாள் தங்கையிடம் திரும்புகிறார்.

தங்கை கண்ணாடிப் பெட்டியில் மூக்கு இடிக்கக் குனிந்து கொலுசு பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்தப் பெட்டியில் இருப்பது முழுக்க ஆம்பிளைகள் கட்டும் அரைஞாண்கொடி.