மண்டோர் மாயாண்டி சாகாமல் போன பாயாசம்

மலாயாவில் மம்பாவ் ஊருக்குத் தெற்கே ஒரு ரப்பர் தோட்டத்தில், ஜப்பான்காரன் வருவதற்கு முன்பே எழுபத்து நான்கு பேரைக் கொன்றிருந்தார் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி அமிர்தலிங்கம். எல்லாக் கொலையும் பென்சிலால் செய்தது. யாரும் புகார் கொடுக்கவில்லை. அடுத்தது எப்போது என்றுதான் கேட்டார்கள்.

அவர் நாவலாசிரியர். அச்சேறாத நாவலாசிரியர் என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும், ஆகவே அதைச் சொல்லாமல் விடுகிறேன். நாற்பது வயது, கல்யாணமில்லை, ஆபீஸ் வேலை முடிந்தால் வேறு வேலையில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பால் நிறுக்கும் கொட்டகையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து தம் மர்ம நாவலை வாசிப்பார். லயம் என்ற வரிசை வீடுகளின் ஜனம் முழுவதும் தரையில் உட்கார்ந்து கேட்கும். ஏழு நாவல் முடித்திருந்தார். அவற்றில் நான்கில் விஷம் பாயாசத்தில் இருந்தது. அந்தத் தோட்டத்துப் பிள்ளைகள் பொங்கலுக்குக்கூடப் பாயாசத்தை முதலில் பூனைக்கு வைத்துப் பார்த்தார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. பூனையிடம் யாரும் விசாரிக்கவில்லை.

ஜப்பான்காரன் வந்தான். துரை ஓடினார். அவர் விட்டுப்போன மழையளவுத் தாள்கள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. பின்பக்கம் வெள்ளை. அதில் எட்டாவது நாவலைத் தொடங்கினார் அமிர்தலிங்கம். உலகமே தலைகீழானாலும் கொலை நிற்கக் கூடாதல்லவா?

ஆனால் கேட்க வந்தவர்கள் மாறிப்போயிருந்தார்கள். அரிசி காணாமல் போய் ஒன்றரை வருஷம். காலையில் மரவள்ளிக்கிழங்கு, மத்தியானம் மரவள்ளிக்கிழங்கு, சாயங்காலம் ஒரு மாற்றத்துக்காக அதே கிழங்கு. ஒருநாள் மூன்றாவது பிணம் விழும் இடத்தில் பஞ்சாலை என்கிறவள் கையை உயர்த்தினாள். வாயாடி, இரண்டாம் லயத்துக்காரி.

"கிராணி ஐயா, செத்தவன் கடைசியா என்னா சாப்பிட்டான்?"

"அது கதைக்குத் தேவையில்லைம்மா."

"எங்களுக்குத் தேவை லா."

கொட்டகை சிரித்தது. அமிர்தலிங்கத்துக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த வாரம்தான் கூலியாட்களை மேய்க்கும் மண்டோர் மாயாண்டியின் கையில் பட்டியல் வந்தது. ஜப்பான்காரனுக்குச் சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும், முன்னே போனவர்களில் ஒருவரும் திரும்பவில்லை, திங்கட்கிழமை காலையில் லாரி வரும். யாரை ஏற்றுவது என்று பெயர் எழுதும் பொறுப்பு மண்டோருடையது. கல்யாணம் ஆகாத வாலிபர்களை முதலில் எழுதுவது என்று அவரே ஒரு சட்டம் வைத்துக்கொண்டார். அதில் தங்கராஜுவின் பெயர் மூன்றாவதாக இருந்தது.

தங்கராஜுவுக்குப் பெண் நிச்சயம் ஆகியிருந்தது. அத்தை மயிலம்மாளின் மகள் வள்ளிநாயகி. "ஞாயித்துக்கிழமைக்குள்ள தாலி கட்டிட்டேன்னா பேரை அடிச்சிர்றேன்" என்று மாயாண்டி சொல்லிவிட்டார். மஞ்சள் இருந்தது, நூல் இருந்தது, பெண்ணுக்கும் சம்மதம். சம்மதம் இல்லாதவள் மயிலம்மாள் ஒருத்திதான்.

"சோறு போடாம என் மகளைக் கட்டிக்குடுக்க மாட்டேன்."

"அத்தே, அரிசிக்கு நான் எங்க போவேன்?"

"என் கல்யாணத்துக்குக் கஞ்சி ஊத்துனானுங்க. கப்பல்ல வந்து எறங்குன மறுநாளு. ஒருத்தன்கூட 'இன்னும் கொஞ்சம் போடு'ன்னு வாயத் திறந்து கேக்கல. அது கல்யாணமா? இப்ப என் மகளுக்குக் கெழங்கா?"

பிடிவாதம் என்று நாம் இப்போது ஒரே சொல்லில் முடித்துவிடலாம். அன்றைக்கு அவளிடம் மிச்சம் இருந்த சொத்து அது ஒன்றுதான். தங்கராஜு தண்ணீர்க் குழாயடியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டதை லயமே பார்த்தது. பஞ்சாலைதான் பொறுக்காமல் கத்தினாள்.

"கிராணி ஐயா! எத்தனை பேரைக் கொன்னுருக்கீங்க! ஒரு தடவை சோறு போடுங்களேன். கதையிலதான்!"

மயிலம்மாள் திரும்பினாள். கிண்டலாகத்தான் சொன்னாள். "போடட்டும். இலையில கெழங்கை வெச்சுட்டு இவரு சோத்தைப் படிக்கட்டும். சாப்புடுறவன் ஒருத்தன், யாரும் சொல்லிக்குடுக்காம, 'சோறு இன்னும் கொஞ்சம்'னு கேட்டான்னா அந்த நிமிஷமே தாலி கட்டச் சொல்றேன்."

சொன்ன பிறகு வாபஸ் வாங்குகிற வழக்கம் அவளிடம் இல்லை. அமிர்தலிங்கத்துக்கு நான்கு நாள் இருந்தது.

ஒரு கொலைகூட இல்லாமல் எழுதுவது எப்படி? முதல் பக்கத்தை எடுத்துக்கொண்டு மயிலம்மாள் வீட்டு வாசலுக்கே போனார். அவள் கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். அவர் வாசித்தார். "பந்தலில் இலை விரித்தார்கள். அப்போது தூணுக்குப் பின்னால் ஒரு நிழல் நகர்ந்தது..."

"யாரு அது?"

"சும்மா... ஒரு நிழல்."

"கல்யாண வீட்டுல நிழலுக்கு என்னா வேலை? எடுத்துருங்க."

எடுத்தார். "அண்டாவின் மூடியைத் திறந்தான் சமையற்காரன். உள்ளே கண்ட காட்சி அவனை உறைய வைத்தது."

"உள்ள என்னா இருந்துச்சு?"

"சோறுதான்."

"சோத்தைப் பார்த்து எவன்யா உறைவான்? அழுவான்! இந்தக் காலத்துல அழுதே போயிருவான்." சொல்லிவிட்டுக் கத்தியைக் கீழே வைத்தாள். "ஐயா, நீங்க சோறு வடிச்சுப் பார்த்துருக்கீங்களா?"

இல்லை. மெஸ்ஸில் தட்டில் வந்ததைத்தான் பார்த்திருந்தார். அவள் சொல்லத் தொடங்கினாள். உலை எப்போது பேசும், அரிசி எப்போது அடங்கும், கஞ்சி வடிக்கும்போது மூக்கில் ஏறும் ஆவி எந்த வாசனை, இலையின் நுனி இடது பக்கம் இருக்க வேண்டும், முதலில் உப்பு, அப்புறம்தான் மற்றது, பருப்புக்கு நடுவில் குழி, குழியில் நெய். அமிர்தலிங்கம் எழுதிக்கொண்டே இருந்தார். சொல்லச் சொல்ல அவள் கை கிழங்கை மறந்துவிட்டது. நான்கு நாளும் அதே வேலை. வியாழக்கிழமை அவர் கண்களிலும் ஏதோ தூசி விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கொட்டகையில் வாழையிலை விரித்தார்கள். தாலிக்கு முன்னால் பந்தி நடந்த ஒரே கல்யாணம் அந்தத் தோட்டத்தில் அதுதான். இருந்த நல்ல சேலையை எல்லாப் பெண்களும் கட்டியிருந்தார்கள். முதல் இலையில் மாயாண்டி, சட்டைப்பையில் பட்டியலோடு. கடைசியில் மாப்பிள்ளை, முகத்தில் ரத்தமே இல்லை.

அமிர்தலிங்கம் வாசித்தார். "உப்பு வந்தது." பஞ்சாலை ஒரு கல் உப்பு வைத்துக்கொண்டு போனாள். "சோறு வந்தது. கையால் தொட்டால் சுடும், ஒன்றோடொன்று ஒட்டாத சோறு." இலைகளில் அவித்த கிழங்கு விழுந்தது. "பருப்பு." தேங்காய்த் தண்ணீர். "நெய்." அதற்கு ஒன்றும் இல்லை, எல்லோரும் இலையில் குழி மட்டும் பறித்தார்கள்.

"சாம்பார் வந்துருச்சா?" என்று கடைசி வரிசையில் ஒரு குரல்.

"இரு லா, இன்னும் பருப்பே பெசையல!" என்று இன்னொரு குரல்.

சிரித்துக்கொண்டே ஆரம்பித்தவர்கள் சாம்பாருக்குள் சிரிப்பதை நிறுத்தியிருந்தார்கள். விரலை நக்கும் சத்தம் மட்டும் கேட்டது. ஆனால் இன்னும் யாரும் மறுசோறு கேட்கவில்லை. மயிலம்மாள் தூணில் சாய்ந்து வரிசையைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"பாயாசம் வந்தது" என்றார் அமிர்தலிங்கம்.

தேங்காய்ப் பாலில் கிழங்கு மாவும் கருப்பட்டித் துண்டும் போட்டுக் காய்ச்சியதைச் சிரட்டைகளில் ஊற்றினார்கள். அந்தப் பந்தியிலேயே உண்மையான பண்டம் அது ஒன்றுதான். அதை ஒருவரும் தொடவில்லை.

ஏழு நாவல் செய்த வேலை. மாயாண்டி சிரட்டையை மெல்ல இலைக்கு வெளியே நகர்த்தி வைத்தார்.

"எனக்கு வேணாம்."

"யாரு சாகப்போறான்னு முதல்லயே சொல்லிருங்கய்யா," என்றாள் பஞ்சாலை. "அப்புறம் குடிக்கிறோம்."

மயிலம்மாள் தூணை விட்டு நிமிர்ந்தாள். "என் மக பந்தியில சாவா?"

அமிர்தலிங்கம் கையிலிருந்த தாளைப் பார்த்தார். சொல்லக் கூடாதுதான், சொல்லிவிடுகிறேன்: அதில் ஒரு சாவு இருந்தது. மயிலம்மாளுக்கு வாசித்துக் காட்டாத ஒரே பக்கம். முதல் மிடறு பாயாசத்தில் கழுத்தைப் பிடித்துக்கொண்டு விழுகிறார் மண்டோர் மாயாண்டி. பட்டியல் பாயாசத்தில் நனைகிறது. அவர் எழுதியதிலேயே அழகான மரணம் அது. கொட்டகை முழுவதும் கைதட்டியிருக்கும். கல்யாணம்தான் நடந்திருக்காது.

தாளை நான்காக மடித்து மடியில் செருகினார். தாள் இல்லாமல் அவர் கதை சொன்னதே இல்லை.

"முதல் மிடறை... மண்டோர் மாயாண்டி குடித்தார்."

எல்லாத் தலையும் மாயாண்டியின் பக்கம் திரும்பியது. அவருக்கு வேறு வழியில்லை. சிரட்டையை எடுத்தார், கண்ணை மூடினார், குடித்தார்.

"குடித்துவிட்டு மண்டோர்..." என்று இழுத்தார் அமிர்தலிங்கம். மாயாண்டி கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "குடித்துவிட்டு, நாக்கைச் சப்புக்கொட்டினார். நூறு வயது வரை இருந்தார்."

சிரிப்பு கூரைத் தகரத்தில் மோதித் திரும்பியது. சிரட்டைகள் ஒரே சமயத்தில் உயர்ந்தன. பிழைத்துக்கொண்ட மாயாண்டி இலையைப் பார்த்தார். காலியாக இருந்தது. பயம் தெளிந்தால் பசிக்கும் போலிருக்கிறது. தன்னை மறந்து, நிமிராமலேயே சொன்னார்:

"மயிலம்மா, இந்தப் பக்கம் சோறு இன்னும் கொஞ்சம் போடு."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே உறைத்தது. யாரும் சிரிக்கவில்லை. மயிலம்மாள் கிழங்குக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, இரண்டு கையாலும் அள்ளி, அவர் இலை நிறையப் போட்டாள்.

"நல்லாச் சாப்புடுங்கண்ணே," என்றாள். பிறகு திரும்பாமலேயே, "தங்கராஜு, கையக் கழுவிட்டு வாய்யா."

விரலி மஞ்சளை நூலில் கோத்துக் கட்டினார்கள். மாயாண்டி பென்சில் கேட்டார். அமிர்தலிங்கம் தம்முடையதைக் கொடுத்தார். பட்டியலில் ஒரு பெயர் அடிக்கப்பட்டது.

ஒன்றுதான். திங்கட்கிழமை லாரியில் ஒன்பது பேர் ஏறினார்கள். ஒன்பது பேரும் அந்தப் பந்தியில் உட்கார்ந்தவர்கள். இரண்டு பேர் திரும்பி வந்தார்கள். சயாமில் பசித்த நாட்களில் அந்தப் பந்தியைச் சாம்பாரிலிருந்து தொடங்கி ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வோம் என்று அவர்களில் ஒருவர் சொன்னதுண்டு. நெய்யில் எப்போதும் தகராறு வருமாம்.

ஜப்பான் சண்டை முடிந்ததும் அமிர்தலிங்கம் மறுபடி கொலைக்குத் திரும்பினார். இன்னொரு கல்யாணக் கதை எழுதச் சொல்லிக் கேட்டவர்களிடம், அது தம்முடைய துறை இல்லை என்று சொல்லிவிட்டார். பாயாசத்தில் மட்டும் அவர் அப்புறம் விஷம் வைக்கவில்லை. காப்பிக்கு மாறினார்.

தங்கராஜுவும் வள்ளிநாயகியும் பிற்காலத்தில் ராசா என்ற ஊரில் குடியிருந்தார்கள். எந்தக் கல்யாண மண்டபத்தில் சாப்பிட்டாலும் பஸ்ஸில் திரும்பும்போது அதே பேச்சு.

"நம்ம கல்யாணத்துச் சாப்பாடு மாதிரி வராதுடி. அந்த முருங்கைக்காய்ச் சாம்பாரு..."

"கத்திரிக்காய் லா அது."

"முருங்கைக்காய். நான் சப்பித் துப்புனேன், எனக்குத் தெரியாதா?"

மம்பாவ் வரை போகும் பஸ் அது. ராசா ஸ்டாப்பில் இறங்க மறந்துவிடுவார்கள்.