வைப்பர் சுவிட்சும் பதினோரு வீட்டுச் சீத்தாப்பழமும்

மலையில் பிக்கப் ஓட்டுகிறவன் பிரேக்குக்குத் தினமும் கும்பிடு போடுவான். வைப்பர் என்று ஒன்று இருப்பதே மழை கண்ணாடியில் அடித்த பிறகுதான் அவனுக்கு ஞாபகம் வரும். சொந்த வண்டியை வைத்துக்கொண்டு, "இதுக்கெல்லாம் எதுக்கு மெக்கானிக்கு, நாமளே கழட்டிப் பாக்கலாமே" என்று ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுத்த பாவப்பட்ட ஜீவன்கள் நாட்டில் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எனக்கு ஜவ்வாது மலையில் ஒரு சின்ன ஊர். ஏழு வருஷமாக அதே வெள்ளை பிக்கப். புளி, சாமை, சீத்தாப்பழம், முகூர்த்த நாளில் கல்யாண கோஷ்டி, எது ஏறினாலும் மலைக்குக் கீழே இருக்கிற போளூரில் பத்திரமாக இறக்கிவிடுவேன்.

வெயிலில் ஆடிய வைப்பர்

கோளாறு முதலில் ஒரு சந்தை நாளில் தலைகாட்டியது. சுள்ளென்று வெயில். கண்ணாடியில் தூசியாக இருக்கிறதே என்று ஸ்டீரிங் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கிற வைப்பர் சுவிட்ச் தண்டை ஒரு தட்டுத் தட்டினேன். வைப்பர் ஆடியது. சரி, போதும் என்று நிறுத்தினேன், நிற்கவில்லை. தண்டை மேலே தள்ளினேன், கீழே அழுத்தினேன், நாலு கெட்ட வார்த்தை சொன்னேன். ஊஹூம்! காய்ந்த கண்ணாடியைக் கர்ர் கர்ர் என்று தேய்த்துக்கொண்டே சந்தை முழுக்க ஊர்வலம் போனோம், நானும் வண்டியும்.

ஓரமாக நிறுத்தி, முட்டிக்குக் கீழே இருக்கிற பெட்டியைத் திறந்து ஃப்யூஸைப் பிடுங்கிய பிறகுதான் அடங்கியது. என்னைப் போலவே பிக்கப் ஓட்டுகிற பச்சையப்பன் டீ கிளாஸோடு பக்கத்தில் வந்தான். எனக்கு மச்சான் முறை, கிண்டலுக்குப் பிறந்தவன். வானத்தை ஒரு முறை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டான்: "இன்னா மச்சான், மழ வர்றதுக்கு ஒரு மாசம் முன்னாடியே ரெடியாய்ட்டியா?"

ஆளுக்கொரு கயிறு

அதற்கப்புறம் ஃப்யூஸைத் திரும்பப் போட்டால் வைப்பர் செத்தே போயிருந்தது. பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அந்த வாரம் சின்னப்பொண்ணு அக்காவின் லோடு. பக்கத்து ஊரில் பதினோரு வீட்டுப் பெண்கள் சேர்ந்து சீத்தாப்பழம் பறிக்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் அக்காதான் முன்னே நிற்கிறவர். கூடைகளை ஏற்றிவிட்டு அவரும் முன்சீட்டில் உட்கார்ந்தார். மூன்றாவது வளைவில் பிடித்தது பாருங்கள் மழை! கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரோடு இருக்கிறதா, பள்ளம் இருக்கிறதா என்றே தெரியவில்லை.

நின்று காத்திருக்கவும் முடியாது. சீத்தா அப்படிப்பட்ட சாதி. கண் விரிந்த காயைப் பறித்தால் மறுநாள் பழம், அதற்கு மறுநாள் கூழ். இழுத்தால் ஆடட்டும் என்று என் பக்கத்து வைப்பர் கையின் நட்டை லூசாக்கிவிட்டு, கூடை கட்டுகிற கயிற்றில் இரண்டு துண்டை அதில் கட்டினேன். ஒரு துண்டு என் ஜன்னல் வழியாக என் கைக்கு, இன்னொன்று அவர் ஜன்னல் வழியாக அவர் கைக்கு. நான் இழுக்க, அவர் இழுக்க, நத்தை வேகத்தில் இறங்கினோம். ரெண்டு பேரும் தொப்பலாக நனைந்தோம். கடைசி வளைவு தாண்டியதும் அக்கா தோளை நீவிக்கொண்டு சொன்னார்: "தம்பி, அடுத்த வாட்டி வண்டிய நான் ஓட்றேன், ரெண்டு கவுத்தையும் நீயே இழு."

மண்டிக்காரர் வைத்த கெடு

போளூர் மண்டிக்குப் போய்ச் சேரும்போது பத்தரை. வந்த வியாபாரிகள் எல்லாம் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அடிக்கூடைப் பழம் வாய் பிளந்து கிடந்தது. அக்கா பிளந்த பழங்களைத் தனியே பொறுக்கிக்கொண்டிருந்தார். அதைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. வண்டி என்னுடையது, தப்பும் என்னுடையது. நஷ்டம் மட்டும் பதினோரு வீட்டுக்கு. மண்டிக்காரர் கெட்டவர் இல்லை, ஆனால் கறார். "வர்ற வெள்ளிக்கெழம எட்டு மணிக்குள்ள பழம் எறங்கணும்மா. இல்லன்னா உங்க எடத்த வேற ஊர்க்காரங்களுக்குக் குடுத்துடுவேன், அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது."

கடைக்காரரின் தக்காளி

அந்த வாரமே ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு ஓடினேன். நிறுத்தினாலும் நிற்காத வைப்பருக்குக் கோளாறு சுவிட்சில்தான் என்று முடிவுகட்டி, வைப்பர் சுவிட்ச் வேண்டும் என்றேன். "பழச எடுத்தாந்தியா?" என்றார் கடைக்காரர். இல்லை, அது வண்டியிலேயே இருக்கிறது என்றேன். அதில் நாலைந்து தினுசு வருமே, எத்தனை பின், எந்த வருஷத்து மாடல் என்று அடுக்கிக்கொண்டே போனார். எனக்கு என்ன தெரியும்? "கறுப்பா இருக்கும், தண்டு இவ்ளோ நீளம்" என்று கையை விரித்துக் காட்டினேன். அவரும் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். மலையேறி வந்து, ஸ்டீரிங்குக்கு அடியில் மூடி இடுக்கு வழியாக டார்ச் அடித்துப் பார்த்தால், ஒயர் சாக்கெட்டே வேறு தினுசு.

மறுநாள் பழையதைக் கழற்றி எடுத்துக்கொண்டு மறுபடியும் மலையிறங்கியிருக்கலாம். புத்திசாலி அதைத்தான் செய்வான். நான் அதே இடுக்கு வழியாகச் சாக்கெட்டை மட்டும் போட்டோ எடுத்துக்கொண்டு போனேன். நல்லவேளை, அவர் அதைப் பெரிதாக்கிப் பார்த்துச் சரியானதைத் தேடி எடுத்தார். கையில் கொடுக்கும்போது சொன்னார்: "செகப்பா, உருண்டையா ஒண்ணு குடுன்னு கேட்டா நான் தக்காளியும் குடுப்பேன், வெங்காயமும் குடுப்பேன், பேரச் சொல்லிக் கேளுப்பா."

பாறை மேல் வீடியோ

வியாழக்கிழமை மத்தியானம். எங்களுக்குத் தெரிந்த ஒரே மெக்கானிக் கல்யாணத்துக்குச் செங்கம் போய்விட்டார். சீத்தா சீசனில் வேறு வண்டியும் காலி இல்லை. சரி, வீடியோ பார்த்து நாமே மாட்டுவோம். ஆனால் எங்கள் ஊரில் டவர் கிடைப்பது, கொல்லைக்கு அப்பால் இருக்கிற பாறை மேல் மட்டும்தான். வண்டியைப் பாறைக்கு ஏற்ற முடியாது. அதனால் என் வீட்டுக்காரி செல்வி போனோடு பாறை மேல் ஏறினாள். அவள் பார்த்துப் பார்த்துக் கத்த வேண்டியது, நான் கீழே செய்ய வேண்டியது. எங்கள் ஊரில் இது சகஜம். அடுப்பு ரிப்பேரிலிருந்து அல்வா கிண்டுவது வரை எல்லாம் அந்தப் பாறை வழியாகத்தான் இறங்கும்.

"பேட்டரி ஒயர எடுக்கணுமாம்!" எடுத்தேன். "இருங்க, சோப்பு வெளம்பரம்!" இருந்தேன். "ஸ்டீரிங்கக் கழட்டணுமாம்!" எனக்கே கொஞ்சம் திக்கென்றது. ஆனால் வீடியோ சொல்கிறது, பெண்டாட்டியும் சொல்கிறாள், யாரை மீறுவது? நட்டைக் கழற்றி, மூச்சைப் பிடித்து ஆட்டி ஆட்டி, ஸ்டீரிங்கைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தேன். அப்போதுதான் பாறையிலிருந்து அடுத்த குரல் வந்தது: "ஏங்க, அது வேற வண்டியாம்! நம்மளுதுக்குக் கீழ மூடியில மூணு ஸ்க்ரூ கழட்டுனா போதுமாம்!"

ஆடாத கை

அந்த மூணு ஸ்க்ரூவைக் கழற்றி, மூடியை இறக்கி, சுவிட்சைப் பிடித்திருந்த ரெண்டு ஸ்க்ரூவை எடுத்து, பழசை உருவி, புதுசைச் செருகி, சாக்கெட்டை 'டிக்'கென்று மாட்டினேன். உண்மையில் கால் மணி நேர வேலை. ஸ்டீரிங்கைத் திரும்ப ஏற்றி முடுக்கத்தான் ஒரு மணி நேரம். பேட்டரியைக் கொடுத்து, சாமியை வேண்டிக்கொண்டு தண்டைத் தட்டினேன். இடது பக்கத்து வைப்பர் ஜம்மென்று ஆடியது. என் பக்கத்து வைப்பர் படுத்த படுக்கையாகக் கிடந்தது.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. விடிந்தால் வெள்ளி. திரும்பவும் தப்பான சுவிட்சா? அக்கா முகத்தில் எப்படி முழிப்பேன்? தலையில் கை வைத்துப் படியில் உட்கார்ந்துவிட்டேன். பாறையிலிருந்து இறங்கி வந்த செல்வி வைப்பர் கையை ஒரு விரலால் தூக்கினாள். அது லொடலொடவென்று ஆடியது. அன்றைக்குக் கயிறு கட்ட லூசாக்கிய நட்டு, ஐயா! முடுக்கவே இல்லை. அவள் ஸ்பானரை என் கையில் வைத்துச் சொன்னாள்: "நட்டு முடுக்கறதுக்கும் நான் பாறைக்கிப் போய்ட்டு வரணுமா?"

கோணல் ஸ்டீரிங்

சாயந்திரம் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கப் பச்சையப்பனையும் ஏற்றிக்கொண்டேன். வைப்பர் அருமை. ஆனால் ஸ்டீரிங்கை ஒரு பல் தள்ளி மாட்டியிருக்கிறேன் போல. நேர் ரோட்டில் அதைச் சாய்த்துப் பிடித்தால்தான் வண்டி நேராகப் போனது. ஏதோ பழக்கமானவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு ஓட்டினேன். அவன் ரோட்டைப் பார்த்தான், என் கையைப் பார்த்தான்: "ரோடு நேராத்தான போவுது, நீ ஏன் மச்சான் ஊருக்கே இல்லாத வளைவுல திரும்பிக்கினே இருக்கிற?"

இரண்டு பேருமாக அதைக் கழற்றி, நேராக்கி, நட்டை மூச்சு முட்ட முடுக்கிய பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

வெள்ளிக்கிழமை

விடிகாலை ஐந்து மணிக்குக் கூடைகள் ஏறின. அக்கா முன்சீட்டில் ஏறினார். பாதி மலையில் மழை பிடித்துக்கொண்டது, போன வாரத்தைவிடக் கனமாக. தண்டைத் தட்டினேன். ரெண்டு வைப்பர் கையும் சேர்ந்து ஆடின. அப்பாடா! அந்தச் சத்தத்தைப் போல இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை. ஒரு வளைவு திரும்பியதும் நடு ரோட்டில் ஒரு பசு, நனைந்துகொண்டு நின்றது. இருபது அடி முன்னாலேயே கண்ணில் பட்டது. பிரேக் பிடித்து, ஹாரன் அடித்து, அது மனசு வைத்து நகரும்வரை நின்று, கிளம்பினோம். வைப்பர் இல்லாமல் இருந்திருந்தால்?

ஏழேமுக்காலுக்கு மண்டி. ஒரு பழம் கூட வாய் பிளக்கவில்லை. மண்டிக்காரர் கூடைகளைப் பார்த்துவிட்டு, "இந்த மழையில எப்படிம்மா தைரியமா எறங்குனீங்க?" என்றார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "மழைக்கி இன்னாங்க பயம்? இவரு தன் கையாலயே ரிப்பேர் பண்ணாருன்னு இவரு வூட்டுக்காரி சொன்னா, அதுக்குத்தான் பயந்தேன். கூட இருக்கறவளுங்களாண்ட அத நான் சொல்லவே இல்ல. சொல்லியிருந்தா ஒருத்தியும் கூடைய ஏத்தியிருக்க மாட்டா."

வண்டியை நம்பி ஏறுகிறவர்களைக் கூடச் சமாளித்துவிடலாம், வண்டி லட்சணம் முழுக்கத் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு ஏறுகிறவர்களிடம்தான் இந்தத் தொழிலில் நாம் வசமாக மாட்டிக்கொள்கிறோம்.